கேட்கும் முன்பே திறந்த பக்கம்

இன்னும் வெளிவராத ஒரு கணினி இயங்குதளத்தைச் சோதித்துக் கருத்தெழுதும் வேலை ஞானசேகருக்கு வாய்த்திருந்தது. அவன் இணையத்தில் தேடப்போவதை அது முன்பே கணித்துத் திறந்து வைத்துவிடும். மனைவி வசுமதிக்கோ முதல் நாளிலிருந்தே அதன்மேல் நம்பிக்கையில்லை.

இன்று காலை அவள் காபி கொண்டுவந்தபோது, ஒற்றை ஆளுக்கான வாடகை வீடுகள் திரையில் விரிந்திருந்தன.

"யாருக்குங்க வீடு?"

"நான் தேடவே இல்ல, வசு."

"தேடப்போறதைத்தானே அது காட்டும்? நேத்து நீங்கதான் பெருமையடிச்சீங்க."

"சோதனைப் பதிப்புதானே, தப்பு வரும்."

"அப்போ தப்புன்னு எழுதி அனுப்புங்க."

'இன்று ஏதேனும் தவறாகத் திறந்ததா?' என்று கருத்துப்பெட்டி கேட்டது. அவனுடைய விரல் 'ஆம்' என்பதன்மேல் நெடுநேரம் நின்றதே தவிர, அழுத்தவில்லை.

வசுமதி காபியை மேசைமேல் வைத்தாள்.

"பக்கத்துல மெஸ் இருக்கான்னு பாத்துக்குங்க. உங்களுக்குச் சமைக்கத் தெரியாது."