கேட்காமலே

“வரியே இல்லேன்னா கலகம் எதுக்கு? பொழுது போகாமலா?” என்றாள் மாமியார்.

மருமகள் மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவளுடைய புத்தகங்கள். மறுபக்கம் மாமியார், ஒரு தட்டு நிறைய பீன்ஸ், கையில் கத்தி.

“இதைத்தான் அத்தை நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. உங்ககிட்ட தப்பிச்சா அங்கயும் தப்பிச்சுடுவேன்.”

நாளை கருத்தரங்கம். கல்லூரி வேலையில் சேர்ந்த பிறகு அவள் வாசிக்கப்போகும் முதல் கட்டுரை. அந்தத் தீவுக் காலனியில் புரட்சி வெடித்ததற்கு விளக்கு எண்ணெய் மேல் போட்ட வரியே காரணம் என்று பள்ளிப் பாடம் முதல் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். இல்லை என்று அவள் சொல்லப்போகிறாள். வரிதான் காரணம் என்று எழுதிப் பெயர் வாங்கியவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கேள்விக்குத் தடுமாறினாலும் போச்சு, அப்புறம் அவளை யாரும் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார்கள்.

மாமியாரும் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். வரிதான் காரணம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள்.

“கலகம் வந்தப்ப வரியே கிடையாது அத்தை. புதுசா வந்த கவர்னர் எடுத்துட்டார். அதோட விட்டாரா? கூரை வீடுங்க தீப்பிடிக்குதுன்னு, வீட்டுக்குள்ள யாரும் விளக்கேத்தக் கூடாதுன்னுட்டு, தெருவுக்குத் தெரு பெரிய பெரிய விளக்கா வெச்சுக் கொடுத்தார். பைசா வாங்கல.”

“அப்புறம் யாருக்கு என்ன குறையாம்?”

“எண்ணெய் வியாபாரிங்களுக்கு! அவங்க பிழைப்பு படுத்துடுச்சு. அவங்கதான் தூண்டிவிட்டாங்க. நாமதான் அதுக்கு விடுதலை வேட்கை, அது இதுன்னு பேர் வெச்சுட்டோம்.”

“அடேயப்பா! ஆயுசு பூரா நான் போர்டுல எழுதினதை ஒரே இழுப்புல அழிச்சுட்டியே.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மருமகள் எட்டிக் கத்தியை வாங்கி, தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “விரலை நறுக்கிக்கப் போறீங்க. சமைக்கத்தான் ஆள் வருதே.”

மாமியார் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

“சரி, வியாபாரி தூண்டினான். கடையே இல்லாதவன் எதுக்குப் போனான்? மீன் பிடிக்கிறவனும் தையல்காரியும் தெருவுக்கு வந்தாங்களே, அவங்களுக்கு என்ன நஷ்டம்?”

அங்கேதான் மருமகளுக்கு இடித்தது. கட்டுரையின் கடைசிப் பத்தி நேற்றிலிருந்து நகரவே இல்லை.

“விவரம் தெரியாத ஜனங்க. ஏத்திவிட்டா கிளம்பிட மாட்டாங்களா?”

“இதை மட்டும் நாளைக்குச் சொல்லிடாதே. மானம் போயிடும்.”

சுருக்கென்றது. உண்மையில் அவள் ஏங்கியது முன்வரிசைக்காரர்களின் கைதட்டலுக்கு அல்ல. இந்த ஒருத்தி வாயிலிருந்து ஒரு ‘பரவாயில்லை’க்கு. கணவனுக்கு வெளியூரில் வேலை. இருந்தும் மாமியாரை எப்படித் தாங்குகிறாள் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லும். மாமியார் மட்டும் சொன்னதில்லை. அதை வாய்விட்டுக் கேட்டு வாங்க அவளுக்குக் கூச்சம்.

“எங்கே, கவர்னரைப் பத்தி எழுதினதைப் படி.”

“‘அந்தக் காலனிக்குக் கேட்காமலே எல்லாம் கிடைத்தது.’”

“நில்லு. யார் கேட்காம?”

“ஜனங்கதான். அவங்க கேக்காமலே பண்ணினார். அவ்வளவு நல்ல மனுஷன்.”

“நான், அவர் ஜனங்களைக் கேக்காமலேன்னு நினைச்சேன்.”

“போங்க அத்தை, வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறீங்க! நல்லது பண்றதுக்கு எதுக்குக் கேக்கணும்? கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா பாதி ஊர் எரிஞ்சிருக்கும்.”

“எரிஞ்சுதான் இருக்கும்,” என்று மாமியார் ஒப்புக்கொண்டாள். “சரி, கலகத்துல முதல் வேலையா என்ன பண்ணினாங்க? கஜானாவை உடைச்சாங்களா?”

“அதுதான் வேடிக்கை. அவங்கவங்க வீட்டுக்குள்ள போய் விளக்கேத்தி வெச்சாங்க. தெரு நிறைய இனாம் வெளிச்சம் இருக்கறப்ப, சொந்தக் காசுல எண்ணெய் வாங்கி! எதுக்குன்னு எனக்குப் பிடிபடவே இல்ல அத்தை. அது மட்டும் தெரிஞ்சா கட்டுரை முடிஞ்சுடும்.”

மாமியார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். “டீ போடறேன், இரு.”

“உக்காருங்க, நான் போடறேன்.” மருமகள் முந்திக்கொண்டாள். மாமியார் எப்போதோ ஒருமுறை கேஸை மூட மறந்ததிலிருந்து அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. சர்க்கரை இல்லாத டீயைக் கொண்டுவந்து வைத்தபோது, மாமியார் அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் இரண்டு ஆட்கள். தோளில் கயிறு. அவர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன வேன் பின்கதவைத் திறந்தபடி நின்றது.

“சாமான் ஏத்தணும்னு சொன்னாங்கம்மா.”

“இங்க யாரும் காலி பண்ணலையே. வீடு மாறி வந்துட்டீங்க போல.”

கதவைச் சாத்தப்போனவளின் முதுகுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சமும் சத்தம் உயராமல், மாமியாரின் குரல் வந்தது.

“வீடு சரிதாம்மா, என் சாமானுக்குத்தான் வந்திருக்காங்க. ரெண்டு தெரு தள்ளி, சமையல்கட்டோட ஒரு ரூம் பாத்திருக்கேன். உன்கிட்ட எனக்கு ஒரு குறையும் இல்ல.”