நல்ல மனுஷன்

கழிவுநீர்ச் சுரங்கம் தோண்டும் இடத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. அவற்றைக் கவனிக்கும் ஆபரேட்டர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். எதிர்வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணே, பம்பை நிறுத்துங்க! நீங்க தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச எங்க வீட்டுத் தரை இறங்குது. சுவத்து வெடிப்புல கையே நுழையுது.”

“நிறுத்த முடியாதும்மா. வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கயாவது போய் இருங்க.”

“படுத்த படுக்கையா இருக்கிற மாமியாரைத் தூக்கிக்கிட்டு எங்கண்ணே போவேன்?”

“இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா.”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“நேத்து ராத்திரி இதே இடத்துல ஒருத்தர் இருந்தார். நான் அழுததைப் பார்த்து ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சார். அவர் மனுஷன்! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

ஆபரேட்டர் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அவன் என் தம்பிம்மா.”

“அப்போ அவரையே கூப்பிடுங்க. நான் பேசிக்கிறேன்.”

“பம்பு நின்னதும் சுரங்கத்துக்குள்ள தண்ணி பொங்கிடுச்சு. தன்னாலதான் ஆச்சுன்னு அவனே கீழ ஓடினான். ஆறு பேரை மேல ஏத்தி விட்டான்.” அவர் மறுபடி மீட்டரைப் பார்த்தார். “அவன் மட்டும் ஏறி வரலை. உடம்பையாவது எடுக்கணும்மா. தண்ணி வடிய இன்னும் ரெண்டு நாள் ஆகும்.”

அவள் வீட்டுக்குப் போய், மாமியாரின் கட்டிலை வெடித்த சுவரிலிருந்து தள்ளி இழுத்துப் போட்டாள்.

“பம்பை நிறுத்தச் சொன்னியா?” என்று கேட்டாள் மாமியார்.

“ஓடட்டும் அத்தை.”