கடைசி பட்டன்

"என்ன மாமா வேலை இது? போன மாசம்தான் சரி பண்ணிக் குடுத்தீங்க. அதே கடைசி பட்டன் மறுபடியும் படுத்துடுச்சு!"

ரிப்பேர் கடை மேஜைமேல் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். வீடியோ கேமில் சண்டை போடுகிறவர்கள் மடியில் வைத்துக்கொண்டு ஆடும் ஸ்டிக் அது. இடது பக்கம் லீவர், வலது பக்கம் வரிசையாகப் பட்டன்கள். கடைக்காரரான அவள் கணவனின் அண்ணன் தன் கையாலேயே தம்பிக்காகச் செய்து கொடுத்தது. அப்போதெல்லாம் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருந்தது.

அண்ணன்காரர் கையிலிருந்த வேறு வேலையை அப்படியே போட்டுவிட்டு, பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னும் மணிக்கட்டை மடக்கி வெச்சுத்தான் அடிக்கிறானா? வலி வரும்னு சொன்னா கேக்கவே மாட்டான்."

"நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன் மாமா."

அவர் அவசரமாக ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். பாதி ஆட்டத்தில் அண்ணனின் பட்டன் ஒன்று வேலை செய்யவில்லை. தம்பி ஜெயித்தான். "நீதான்டா என் ஸ்டிக்ல கை வெச்சிருக்கே" என்று எல்லார் முன்னாலும் அண்ணன் சொல்லிவிட்டார். அன்றைக்கு அறுந்த பேச்சு. ஒரு பட்டனுக்காகக் கூடப்பிறந்தவனையே வேண்டாம் என்கிற புத்திசாலிகளை என்ன செய்வது?

பக்கத்தில் காத்திருந்த வாடிக்கையாளர் வாயைத் திறந்தார்.

"அண்ணன் வேலையில குறையே சொல்ல முடியாதும்மா. எனக்கு லீவர், ஸ்பிரிங் எல்லாம் மாத்திக் குடுத்தாரு. வருஷக்கணக்கா போட்டு அடிக்கிறேன், ஒரு ஸ்க்ரூகூட அசையல!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரார் பெட்டிக்கு ஒரு வேலை, கூடப்பிறந்தவன் பெட்டிக்கு ஒரு வேலையா?

போனைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் கவனித்தாள்.

அவர் அடிப்பலகையைக் கழற்றினார். கடைசி பட்டனில் விட்டுப்போயிருந்த ஒயர் கிளிப்பை அழுத்தி மாட்டினார். கம்ப்யூட்டரில் சொருகித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் விளக்கு எரிந்தது. பிறகு அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே கிளிப்பை நகத்தால் நெம்பி, பாதி வெளியே இழுத்துவிட்டார். பலகையை மூடினார்.

"ஆச்சும்மா. மறுபடி ஏதாவது ஆனா வேற எங்கேயும் குடுத்துடாதே. இங்கேயே கொண்டு வா."

அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினாள்.

கணவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணன் எப்படி இருக்காரு? இருமல் இருக்கா? ஏதாவது கேட்டாரா?"

"ரொம்ப உருகாதீங்க! உங்க அண்ணன் வேணும்னே கிளிப்பைப் பாதி கழட்டி விட்டுட்டுத்தான் மூடுறாரு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அன்னிக்கு உங்கமேல எந்தப் பழியைப் போட்டாரோ, அதே வேலையை இப்ப அவரே பண்றாரு!"

அவன் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கடைசி பட்டனை விரலால் மெதுவாகத் தடவினான்.

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா என்னை அங்கேயே அனுப்பறீங்க?"

அவன் நிமிரவில்லை.

"போன தடவை மறந்துபோய் இறுக்கமா மாட்டிட்டாரு போல. எவ்வளவு அடிச்சும் பட்டன் கெடவே இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு..."

"அப்புறம் எப்படிக் கெட்டுச்சு?"

"நான்தான் கழட்டி விட்டேன்."