சும்மா இருக்கும் கால்

சக்கரங்களை உள்ளே இழுத்த மறுநொடி இடது இன்ஜின் நின்றுபோனது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு முறை இருமியது, அவ்வளவுதான். விமானத்தின் மூக்கு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

அன்றைக்கு அது ஐந்தாவது சவாரி. பின்னால் மருந்துப் பெட்டிகள் மட்டும், பயணிகள் இல்லை. என் முதுகு மூன்றாவது சவாரியிலேயே விடைபெற்றிருந்தது.

வலது காலால் பெடலை முழு பலத்தோடு மிதித்து மூக்கை நேராக்கினேன். ஓடுபாதை தீர்ந்துவிட்டது. எதிரே கம்பிவேலி, அதற்கப்பால் வீடுகளின் கூரைகள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். நின்றுபோன இன்ஜினின் லீவரை இழுத்து, அதன் விசிறி காற்றைத் தடுக்காதபடி திருப்பிவிட வேண்டும். அப்புறம் மற்ற இன்ஜின் ஒன்றே எங்களைத் தூக்கிவிடும். தப்பித்தவறி நல்ல இன்ஜினின் லீவரை இழுத்தால், தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

எது நின்றது என்பதைக் காலே சொல்லிவிடும். சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். பயிற்சியின் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். ஆனால் களைத்த உடம்பு வேறு கணக்குப் போடும். நடுங்குவது வலது கால், வலிப்பது வலது கால். கோளாறும் வலப்பக்கம்தான் என்று கை நம்பிவிடும்.

என் கை வலது லீவருக்குப் போனது.

பக்கத்து இருக்கையில் அண்ணன் மகள். துணை விமானியாகி எட்டு மாதம் ஆகிறது. வேலை நேரத்தில் கேப்டன் என்று கூப்பிடு என்றால், "சரி சித்தப்பா" என்பாள்.

அண்ணனும் விமானிதான். பதினோரு வருடங்களுக்கு முன்னால், இதே மாதிரி புறப்படும் நேரத்தில் ஓர் இன்ஜின் நின்றுபோக, அவசரத்தில் நல்ல இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அதிலேயே போய்விட்டார். கேப்டனான அவர் செய்த தவறு என்று விசாரணை அறிக்கை முடிந்தது. துணை விமானியின் வாக்குமூலமும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் யாரோ அதை இவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பா படத்தை இவள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இரண்டில் ஒன்றைச் சரியாகப் பார்க்கத் தெரியாத மனிதர் என்று அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அண்ணி எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லீவரைத் தொட்டுக்கொண்டு, இதுதானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகே இழுக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை.

அவளுடைய உள்ளங்கை என் கைமேல் அழுத்தமாக விழுந்தது.

"சித்தப்பா, உங்க இடது கால்தானே சும்மா இருக்கு?"

குனிந்து பார்த்தேன். ஆமாம், சும்மாதான் இருந்தது.

கையை நகர்த்தி இடது லீவரைத் தொட்டேன். கேட்டேன். அவள் ஆமாம் என்றாள். இழுத்தேன்.

இடப்பக்க விசிறி மெல்ல ஓய்ந்தது. விமானம் முனகிக்கொண்டே மேலே ஏறியது. கூரைகள் ஒவ்வொன்றாகக் கீழே நழுவின.

ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினோம். தீயணைப்பு வண்டி கூடவே ஓடிவந்து, வேலை இல்லையென்று தெரிந்ததும் திரும்பிப் போனது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷம் ஓட்டின உங்களுக்கே கை மாறுது. இன்னிக்குத்தான் சித்தப்பா, அப்பாவ மன்னிக்க முடிஞ்சுது."

அன்றைக்கு அண்ணனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பக்கத்து இருக்கையிலிருந்து, கேட்காமல் லீவரை இழுத்தவன் நான். அவர்தான் இழுத்தார் என்று விசாரணையில் சொன்னவனும் நான்தான்.

"சரிம்மா," என்றேன். "போய் ஏதாவது சாப்பிடு."