பொறுமைசாலி

கைபேசிச் சந்தேகங்களுக்கான அந்த இணைய மன்றத்தில் அவன் பெயர் ‘பொறுமைசாலி’. ‘அப்புறம் பேசறேன்’ என்ற பெயரில் வரும் ஓர் அம்மாள், எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவன் அலுத்துக்கொள்ளவில்லை.

“எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்கம்மா. ஆமா, இது என்ன பேரு?”

“என் பையன் வச்ச பேரு தம்பி. எப்ப ஃபோன் பண்ணாலும் அதைத்தான் சொல்லுவான்.”

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இப்பவே கூப்பிட்டு, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கம்மா” என்று தட்டினான்.

பதில் வரவில்லை. அவனுடைய கைபேசிதான் ஒலித்தது. அம்மா.

“முக்கியமான வேலையா இருக்கேம்மா. அப்புறம் பேசறேன்.”

வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். பதில் வந்திருந்தது.

“கூப்பிட்டேன் தம்பி. இப்பவும் அதையேதான் சொல்றான்.”