கத்துக்குட்டியின் கேள்வி

"ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நம்ம டிபார்ட்மென்ட் தலைவரையே குரூப்பை விட்டுத் தூக்கிட்டியாமே!"

சிப் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், சிப்புக்கு வரைபடம் போடும் லே-அவுட் பிரிவுத் தோழி மூச்சிரைக்க வந்து நின்றாள். 'அட்மின் அக்கா' திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஆமா, தூக்கிட்டேன்."

"வாயில விரலை வெச்சா கடிக்கத் தெரியாதவ மாதிரி இருந்துக்கிட்டு, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே!"

கம்ப்யூட்டர் சிப்புக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஒரு மொழி இருக்கிறது. எந்த ஊரில் எழுதினாலும் ஒரே விதிப்புத்தகம். அதைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். படித்துப் புரிந்துகொள்வது வேறு கதை. அதற்காகத்தான் அக்கா போன வருஷம் ஆன்லைனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். இப்போது இரண்டாயிரம் பேர் இருக்கிறார்கள்.

குரூப்பில் விதி ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டவரைக் கேலி பண்ணக் கூடாது.

நேற்று 'கத்துக்குட்டி' என்ற பெயரில் யாரோ கேட்டிருந்தார்கள்: "பட்டனை அழுத்தினால் விளக்கு எரியணும்னு எழுதினேன். எரியுது. ஆனா கையை எடுத்த பிறகும் அணைய மாட்டேங்குது. ஏன்?"

தலைவர் உடனே பதில் போட்டார். "அழுத்தாவிட்டால் என்ன செய்யணும்னு எழுதவே இல்லையே! அது பழசையே பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும். இதுகூடத் தெரியாதவங்க மாடு மேய்க்கப் போகலாம்."

நூற்றுச் சொச்சம் பேர் சிரித்து வைத்தார்கள். கத்துக்குட்டி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பத்தாவது நிமிஷம் தலைவர் வெளியே.

"நாளைக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வருது. ஞாபகம் இருக்கா?" என்றாள் தோழி.

அதற்குள் தலைவர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவைச் சாத்தக்கூட விடவில்லை அவர். "சாயங்காலத்துக்குள்ள என்னைத் திரும்பச் சேர்க்கணும். கூடவே ஒரு மன்னிப்பும் எழுதணும்."

"கத்துக்குட்டிகிட்ட நீங்க முதல்ல மன்னிப்புக் கேளுங்க சார். அடுத்த நிமிஷமே சேர்த்துடறேன்."

"நான் யார்னு தெரியுமா? அந்த மொழிக்கு விதி எழுதின கமிட்டியில உட்கார்ந்தவன்!"

"அது கமிட்டி சார். இது என் குரூப். இங்கே ஒரே விதிதான்."

"உன் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன்."

"எடுத்துக்குங்க. ஆனா அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க."

"அதுல படிக்க என்ன கிடக்கு? போ!"

அக்கா திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏழு வருஷமாகக் காத்திருந்த பதவி.

தோழிக்குத் தாங்கவில்லை. "முகம் தெரியாத ஒருத்தருக்காக இப்படி ஒரு வீம்பா? அப்படி என்னதான்டி உனக்குத் தலைவர் மேல கோபம்?"

அக்கா பழைய மெயில் ஒன்றைத் தேடித் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய மெயில். 'பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது. கையை எடுத்தாலும் அணைய மாட்டேன் என்கிறது. தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள். நான் கேட்டது யாருக்கும் தெரிய வேண்டாம், சிரிப்பார்கள்.'

தோழி அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அடப்பாவி! நம்ம தலைவரா!"

"அப்ப அவர் எனக்குப் பக்கத்து மேஜை. அன்னைக்கே பதில் எழுதிட்டேன்."

"இன்னும் என்னடி யோசனை? இதைத் தூக்கி குரூப்ல போடு! மனுஷன் வாலைச் சுருட்டிக்கிட்டு வந்து உன் பேரைப் பட்டியல்ல முதல்ல எழுதுவார். போடுடி!"

அக்கா மெயிலை மூடினாள்.

"போட மாட்டேன். கேள்வி கேட்டவரைக் கேலி பண்ணக் கூடாதுங்கிற விதி அவருக்கும் சேர்த்துத்தான்."