இருபதுக்குள் ஒரு பேர்

மேனுஷா தன் நடன அரங்கேற்றத்தின் முடிவில் மேடையில் நின்று இருபது பேருக்கு நன்றி சொன்னாள். அந்த இருபது பேரில் அவளுடைய அப்பா இல்லை.

அம்மாவுக்குச் சொன்னாள். நடனம் பழக்கிய ஜெயகௌரி டீச்சருக்குச் சொன்னாள். பாடினவர், மிருதங்கம் வாசித்தவர், தலை பின்னிவிட்டவர், மண்டபக் கதவைத் திறந்துவிட்ட வெள்ளைக்காரர் வரைக்கும் வந்தாள். கடைசியாக, "குத்துவிளக்கு தந்த அருள்நாயகி அன்ரிக்கு" என்று சொல்லிக் கும்பிட்டாள். திரை மூடியது.

முன்வரிசையில் இருந்த அப்பா இராஜேந்திரன் எல்லாருக்கும் முந்திக் கைதட்டினார்.

லண்டன் தமிழர் மத்தியில் நன்றியுரை விளையாட்டுக் காரியமில்லை. ஒரு பேர் விடுபட்டால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அருள்நாயகியே ஒரு கல்யாணத்தில் தன் பேர் விடுபட்டதற்காக ஆறு வருஷம் சொந்தத் தம்பி வீட்டுப் படி ஏறாதவர். போன வருஷ அரங்கேற்றம் ஒன்றில் இந்தப் பயத்தில் நாற்பது நிமிடம் நன்றி சொன்னார்கள். பிரதம விருந்தினர் பாதியில் எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஜெயகௌரி டீச்சர் சட்டம் போட்டார். இருபது பேர். இருபத்தோராவது பேருக்கு மைக் வேலை செய்யாது.

சாப்பாட்டு வரிசையில் வடை வருவதற்கு முன்னமே பேச்சு வந்துவிட்டது.

அருள்நாயகி தட்டோடு மேனுஷாவின் அம்மா சிவமலரிடம் வந்தார்.

"சிவமலர், சொல்லுறனெண்டு குறை நினையாதையும். காலமை ஒரு விளக்கு தந்த என்ர பேரையே பிள்ளை மறக்கேல்லை. பெத்த தகப்பனை மறந்து போச்சோ?"

சுற்றி நின்றவர்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு காது கொடுத்தார்கள். சிவமலருக்கு முகம் எரிந்தது. மேடையில் தன் பேர் முதலாவதாக வந்தபோது உச்சி குளிர்ந்தது உண்மைதான். இப்போது நானூறு பேருக்கு முன்னால் மகளை நன்றிகெட்டவள் என்கிறார்கள். வளர்த்தவள் என்று தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

காரில் ஏறியதும் பின்சீட்டுக்குத் திரும்பினாள்.

"கதவு திறந்தவனுக்குத் தாங்ஸ். ஒன்பது வருஷம் காரிலை காத்துக் கிடந்த மனுசனுக்கு ஒண்டுமில்லையோ?"

மேனுஷா குனிந்து காலில் கிடந்த சலங்கையைக் கழற்றினாள்.

சிவமலர் கேட்டதில் பிழையில்லை. இராஜேந்திரன் குரோய்டனில் டிராம் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை யார் யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு, ஈஸ்ட் ஹாம் வகுப்புக்கு மகளைக் கொண்டுவந்து விடுவார். வகுப்புக்குள் தகப்பன்மாருக்கு இடமில்லை. பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காரில் இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்துக்கு ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். ஒன்பது வருஷத்தில் மகள் ஆடியதை அவர் முழுதாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

"விடும் சிவமலர். பிள்ளை களைச்சுப் போச்சு" என்றார் அவர்.

"உங்களுக்குச் சூடு சுரணை இல்லையோ?"

"வர ஒரு மணித்தியாலம், போக ஒரு மணித்தியாலம், பிள்ளை என்னோடை கதைச்சுக்கொண்டு வந்தது. வேற எந்தத் தகப்பனுக்கு உது கிடைச்சது? கணக்குப் பாத்தா நான்தான் தாங்ஸ் சொல்ல வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கத்தரிக்காய்க் கறி மிஞ்சினதோ?" என்று கேட்டார்.

சிவமலருக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு மனுசனை மேடையில் மறந்தாளே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. எழுத மறந்தாளா, எழுதியும் வாசிக்க மறந்தாளா என்று தெரியவேண்டும். மகளின் பையைப் பறித்து நன்றியுரைத் தாளை வெளியே எடுத்தாள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தாள் மகள். முதலாவது பேர் அப்பா. மற்ற எல்லாருக்கும் ஒரு வரி, அவருக்கு மட்டும் நாலு வரி. ஷிப்ட், கார், பிளாஸ்க், மழை எல்லாம் அதில் இருந்தன. அந்த நாலு வரியும் நீலப் பேனாவால் குறுக்கே வெட்டப்பட்டிருந்தன.

தாளின் அடியில் அதே நீலப் பேனாவால் ஒரு பேர் புதிதாக ஏறியிருந்தது. விசாப் படிவம் நிரப்பிப் பழகிய இராஜேந்திரனின் பெரிய பெரிய எழுத்து. அருள்நாயகி, குத்துவிளக்கு.

காலையில் மண்டபத்து விளக்கின் அடித்தட்டு கழன்றுபோய், அப்டன் பார்க்கிலிருந்து அருள்நாயகி அவசரமாக ஒன்று கொண்டுவந்தது சிவமலருக்கு நினைவு வந்தது.

இரண்டாவது பேர் சிவமலருடையது. அதற்குப் பக்கத்தில் நீலத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அந்தக் கேள்விக்குறியை மட்டும் வெட்டியிருந்தார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்கு வந்தாப்பிறகு இருபத்தொரு பேராப் போச்சம்மா" என்றாள் மேனுஷா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கோவிக்காத ஆளாப் பாத்து ஒராளை வெட்டுவம் எண்டு அப்பா சொன்னவர். நாங்கள் ரெண்டு பேரும் லிஸ்டை மூண்டு தரம் பாத்தனாங்கள். ஒராள்தான் கிடைச்சார்."